வலப்பக்கம் ஒரு சாய்வு

அந்த ஞாயிறு சாவி திரும்பவில்லை.
வர்ஷிச் கணவாயின் உச்சியில்
தேநீர்க் குடிலை ஒட்டிய சரளையில்
வரிசையாக நாற்பது வண்டிகள்.
ஒரே கம்பெனி, ஒரே உயரம்,
ஒரே சாம்பல், ஒரே அலுமினியப் பெட்டிகள்.
இரண்டாம் முறை திருகினேன்,
மூன்றாம் முறை கொஞ்சம் திட்டினேன்.
"அது என்னுடையது" என்றார் ஒருவர்,
கையில் பாதி கடித்த ஆப்பிளோடு.
அவர் மனைவி சிரித்துவிட்டாள்:
"போன வாரம் இவரும் இதையேதான் செய்தார்."

காரணம் அவ்வளவுதான்.
காதல், சுதந்திரம் என்று
கேட்டவர்களிடம் பிறகு சொன்னதெல்லாம்
வழியில் ஏற்றிக்கொண்ட சரக்கு.

லுப்லியானாவில் கடைக்காரர்
தம் பிழைப்புக்கே விரோதமாகப் பேசினார்:
"விற்கப் போனால் வாங்க ஆளில்லை.
ஒரு கேபிள் அறுந்தாலும்
எல்லை தாண்டித்தான் வரவேண்டும்.
யோசித்துக்கொள், நேஷ்கா."
யோசித்தேன்.
மூலையில் அந்த குட்ஸி நின்றது
இரண்டு சிலிண்டர்களும் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு,
வாய்ச்சண்டைக்கு வந்தவள்
இடுப்பில் கைவைத்து நிற்பதுபோல.
நிறம் பச்சை. கிளியும் இல்லை, பாசியும் இல்லை,
பழைய மருந்துக் குப்பியின் பச்சை.
கிளப்பி, நின்ற இடத்திலேயே முறுக்கியபோது
மொத்த வண்டியும் வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்தது,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.
கையெழுத்துப் போட்டேன்.

தனியாகத் தெரிவது என்றால்
எல்லாருக்கும் தெரிவது.
அது பிறகுதான் புரிந்தது.
காய்ச்சல் என்று சொல்லிப்
பல் செய்யும் கூடத்துக்கு விடுப்பு எடுத்த வெள்ளியன்று
சோச்சா ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன்.
திங்கட்கிழமை முதலாளி
பிளாஸ்டர் அச்சிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்:
"காய்ச்சல் எத்தனை கிலோமீட்டர் ஓடியது?"

கிளட்ச் கேபிள் மே மாதம் அறுந்தது.
பதினேழாம் வளைவில்,
கல் பாவிய இடத்தில், மழையில்.
ஏழு பேர் நிறுத்தினார்கள். நல்லவர்கள்.
அவர்கள் பெட்டிகளில் இல்லாத உதிரி இல்லை,
எனக்குப் பொருந்துவதைத் தவிர.
ஒருவருக்கொருவர் திருகாணி கடன் கொடுத்து வாங்கும்
அந்த உறவுக்கு வெளியே
ஆடுகளோடு நின்று நனைந்தேன்.
பதினோரு வாரம்.
தபாலில் வந்த கேபிளை
மேசைமேல் எதிரில் வைத்துக்கொண்டு
இரவுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

யாராவது கேட்டால்
மாற்றவே மாட்டேன் என்பேன்.
யாரும் கேட்காத இரவுகளில்
சாம்பல் வண்டிகளின் விலையைப் பார்ப்பேன்.

செப்டம்பர் கடைசி.
குடிலை மூட இரண்டு வாரம் இருந்தது.
வரிசைக்கு அப்பால்
என் வழக்கமான ஓரத்தில்
அதே பச்சை.

முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை.
வயிற்றெரிச்சல்.
சுற்றிவந்து கீறல் தேடினேன்.
பெட்ரோல் டேங்கில் ஒன்று இருந்தது,
கட்டைவிரல் நீளம்.
கொஞ்சம் நிம்மதி.

த்ரியெஸ்தேக்காரி. ஓர்நெல்லா.
ரொட்டி சுடுகிறவள்; பூட்ஸ் மடிப்பில் மாவு.
வணக்கம் சொல்லவில்லை.
என் கிளட்ச் பிடியைப் பார்த்தாள்.
"எந்த மாதம்?"
"மே."
"எனக்கு ஏப்ரல்."
இருக்கையைத் தூக்கினாள்:
சுருட்டிய கேபிள்கள், மூன்று,
மிட்டாய் உறைபோல் முறுக்கிய பேக்கரித் தாளில்.
ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டுக்
காப்பியின் ருசியைக் குறைசொல்லத் தொடங்கினாள்.

கிளம்பும்போது இரண்டும் சேர்ந்து
வலப்பக்கம் சாய்ந்தன.
நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.
அவள் தெற்கே இறங்கினாள், நான் வடக்கே.

அடுத்த ஞாயிறு அவள் வராமலிருந்தால் தேவலை
என்று வளைவுகள் முழுக்க நினைத்துக்கொண்டே ஏறினேன்.
மேலே வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
அந்த ஓரத்தைத்தான்
முதலில் பார்த்தேன்.